உடலும் மனமும் இரண்டா? இருமைவாதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்யியல் மாணவர்களும், தாமாகவே படிக்கத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனே டேக்கார்ட்டைச் (1596–1650) சுற்றியே பெரும்பாலானவை அமைந்திருக்கின்றன. நம் நூல்கள் இதே கேள்வியை நேராகத் தொடும் இடங்களில் அவற்றையும் சேர்த்திருக்கிறோம்.

இருமைவாதம் என்றால் சரியாக என்ன?

அடிப்படைப் பொருள்கள் இரண்டே வகை என்ற கொள்கை. ஒரு வகை இடத்தை அடைக்கும், நீள அகல உயரம் உண்டு, நினைக்காது. மற்ற வகை நினைக்கும், இடத்தை அடைக்காது. ஒன்று இல்லாமலே மற்றொன்று இருக்க முடியும்.

கடைசி வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கொள்கையின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது. 'மனம் வேறு, உடல் வேறு' என்பவரெல்லாம் இருமைவாதி ஆகிவிட மாட்டார். அலை வேறு, நீர் வேறு என்று யாரும் சொல்லலாம். ஆனால் குளத்தை வற்றடித்துவிட்டு அலையை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. உடலுக்கு மனம் அலை மாதிரி என்பவர் இருமைவாதி அல்லர். குளம் வற்றிய பிறகும் அலை இருக்கலாம் என்று சொல்லத் துணிந்தவரே இருமைவாதி.

மத்வரின் துவைதமும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. துவைத வேதாந்தத்தை நிறுவிய மத்வர் ஐந்து வேறுபாடுகளைச் சொல்கிறார் ('சடம்' என்பது அறிவற்ற பொருள்): இறைவன்–உயிர், இறைவன்–சடம், உயிர்–உயிர், உயிர்–சடம், சடம்–சடம். அவருடைய அக்கறை பெரிதும் முதல் வேறுபாட்டில் இருக்கிறது. டேக்கார்ட் பேசுவது நான்காவதற்கு அருகில் வருகிறது. அதிலும் கோட்டை வேறிடத்தில் போடுகிறார். ஆகவே தமிழில் எழுதும்போது டேக்கார்ட்டுக்கு 'இருமைவாதம்' என்றும், மத்வருக்குத் 'துவைதம்' என்றும் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது.

கோடு வேறிடத்தில் என்றால்? டேக்கார்ட் சொல்லும் மனம் நாம் சொல்லும் மனம்தானா?

தமிழில் படிப்பவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இதுதான். சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

டேக்கார்ட் 'நினைக்கும் பொருள்' என்பதற்குள் எதையெல்லாம் வைக்கிறார் என்று அவருடைய 'தியானங்கள்' நூலின் இரண்டாம் தியானத்திலேயே பட்டியல் இருக்கிறது. ஐயப்படுவது, புரிந்துகொள்வது, ஆம் என்பது, இல்லை என்பது, விரும்புவது, மறுப்பது, கற்பனை செய்வது, புலன்வழி உணர்வது எல்லாம் அதற்குள் வருகின்றன. வலியை வலியாக உணர்வதும் இந்தப் பக்கம்தான். மறுபக்கத்தில் மிஞ்சுவது வடிவம், அளவு, அசைவு மட்டும்.

பழைய இந்திய மெய்யியல் மரபுகளுள் ஒன்றான சாங்கியத்தைப் பாருங்கள். அங்கே தத்துவங்கள், அதாவது அடிப்படைக் கூறுகள், 25. அவற்றுள் புருடன் ஒன்று மட்டுமே அறிவுப்பொருள். புத்தி, அகங்காரம், மனம் மூன்றும் பிரகிருதியின் பக்கம், அதாவது சடத்தின் பக்கம். சைவ சித்தாந்தத்தில் தத்துவங்கள் 36. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய நான்கும் அந்தக்கரணங்கள், அதாவது அகக் கருவிகள். இவையும் மாயையின் காரியம்தான், அதாவது சடமான மாயையிலிருந்து தோன்றியவைதான். மெய்கண்டாரின் சிவஞானபோதம் நான்காம் சூத்திரத்தில் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: அந்தக்கரணங்களில் எதுவும் ஆன்மா அன்று, அமைச்சரோடு கூடிய அரசனைப்போல ஆன்மா அவற்றோடு கூடி நிற்கிறது.

ஆக, டேக்கார்ட் கோட்டை மனத்துக்கும் உடலுக்கும் நடுவே போடுகிறார். நம் மரபுகள் மனத்துக்கும் மேலே, அறிபவனுக்கும் மனத்துக்கும் நடுவே போடுகின்றன. நம் கணக்கில் மனம் ஒரு கருவி. கண், காது போல அகத்தில் இருக்கும் கருவி.

இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு அல்ல. மூளையில் அடிபட்டு ஒருவருக்கு நினைவு போய்விட்டது என்றால் டேக்கார்ட் விளக்கம் சொல்லியே ஆக வேண்டும். சித்தாந்தி 'கருவி பழுதாயிற்று' என்று சொல்லிவிடலாம். ஆனால் அவருக்கும் வேறிடத்தில் செலவு இருக்கிறது. நினைவு, முடிவெடுத்தல், 'நான்' என்ற முனைப்பு எல்லாவற்றையும் கருவிகளிடம் கொடுத்துவிட்டால் ஆன்மாவிடம் மிஞ்சுவது என்ன? சித்தாந்தம் இதற்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறது: கருவிகள் கூடாத நிலையில் ஆன்மாவுக்கு எதுவும் விளங்காது, உணர்த்தினால்தான் உணரும். நேர்மையான பதில். ஆனால் டேக்கார்ட் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆன்மா எப்போதும் நினைத்துக்கொண்டே இருக்கிறது என்பது அவர் கட்சி.

டேக்கார்ட்டைத் தமிழில் படிக்கும்போது 'மனம்' என்று வரும் இடமெல்லாம் 'நினைக்கும் பொருள்' என்று மனத்துக்குள் மாற்றிப் படியுங்கள். பாதிக் குழப்பம் தீரும்.

டேக்கார்ட்டின் முதன்மை வாதத்தைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

1641-ல் லத்தீனில் வெளிவந்த 'தியானங்கள்' நூலின் ஆறாம் தியானத்தில் இருக்கிறது.

1. நான் தெளிவாகவும் துல்லியமாகவும் புரிந்துகொள்ளும் எதையும், நான் புரிந்துகொண்டபடியே கடவுளால் உண்டாக்க முடியும்.
2. ஆகவே ஒன்றை மற்றொன்றின்றித் தெளிவாகப் புரிந்துகொள்ள முடிந்தால், அவை இரண்டும் உண்மையில் வேறுவேறு.
3. நினைக்கும், இடத்தை அடைக்காத பொருளாக என்னைப் பற்றி எனக்குத் தெளிவான எண்ணம் இருக்கிறது.
4. இடத்தை அடைக்கும், நினைக்காத பொருளாக உடலைப் பற்றியும் தெளிவான எண்ணம் இருக்கிறது.
5. எனவே நான் என் உடலிலிருந்து வேறானவன். அது இல்லாமலும் இருக்க முடியும்.

விடைத்தாள்களில் இந்த வாதத்துக்குப் பதிலாக வேறொன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது: 'உடல் இருப்பதை ஐயப்பட முடிகிறது, நான் இருப்பதை ஐயப்பட முடியவில்லை, எனவே இரண்டும் வேறு.' இது நிற்காது. விடியற்காலையில் கிழக்கே தெரிவது விடிவெள்ளி என்று ஒருவருக்குத் தெரியும். மாலையில் மேற்கே தெரிவதும் அதே கோள்தானா என்று ஐயம். அவருடைய ஐயத்தால் வெள்ளிக்கோள் இரண்டாகிவிடாது. ஐயம் என்பது அவர் அறிவைப் பற்றிய செய்தி. கோளைப் பற்றிய செய்தி அல்ல.

ஆறாம் தியானத்து வாதம் இதைவிட வலுவானது. ஐயத்தை நம்பி நிற்காமல், தெளிவான எண்ணத்தை நம்பி நிற்கிறது. அதன் பலவீனம் 3-ம் படியில். அர்னோ என்ற இறையியலாளர் அந்நூலோடு அச்சான நான்காம் மறுப்புரையில் அதைச் சரியாகப் பிடித்தார். அரைவட்டத்துக்குள் வரைந்த முக்கோணம் செங்கோண முக்கோணம் என்று ஒருவர் தெளிவாக அறிந்திருக்கலாம். அதே ஆள், கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்பதை மறுக்கவும் கூடும். அதற்காக அந்தப் பண்பு இல்லாமல் செங்கோண முக்கோணம் இருக்க முடியுமா? முடியாது. அதுபோல, உடலைச் சேர்க்காமல் என்னை நினைக்க முடிகிறது என்பது என் எண்ணம் முழுமையற்றது என்பதை மட்டும் காட்டலாம். டேக்கார்ட்டின் பதில்: என்னைப் பற்றிய எண்ணம் தனித்து நிற்கக்கூடிய முழுப்பொருளின் எண்ணம்; முக்கோணத்தின் ஒரு பண்பைப்போல அரைகுறையானது அல்ல. அந்தப் பதில் போதுமா என்பதில்தான் சண்டை இன்னும் நடக்கிறது.

'என் உடம்பு' என்று சொல்கிறோமே, அதுவே 'நான்' வேறு என்று காட்டவில்லையா?

சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரம் 'எனதுடல் என்றலின்' என்று இதை ஒரு காரணமாகவே வைக்கிறது. கேட்டவுடன் மனத்தில் பதியும் வாதம். ஆனால் தனியாக எடுத்தால் தாங்காது. 'என் உயிர்', 'என் ஆன்மா' என்றும் அதே வாயால் சொல்கிறோம். அங்கே உடையவன் யார்? ஆறாம் வேற்றுமை பிரிக்க முடியாத உறவுக்கும் வரும். நன்னூல் படித்தவர்களுக்குத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்ற பாகுபாடு நினைவிருக்கும். 'சாத்தனது கை' என்பது தற்கிழமை, 'சாத்தனது பசு' என்பது பிறிதின்கிழமை. 'எனது உடல்' இவற்றுள் எது என்பதே கேள்வி. வேற்றுமை உருபு அதற்கு விடை சொல்லாது. மெய்கண்டாரும் இந்த ஒன்றை மட்டும் நம்பவில்லை. ஐம்புலன்களையும் அறிவது எது, உறக்கத்தில் உடம்பு இருந்தும் நுகர்வும் செயலும் ஏன் இல்லை என்பன போன்ற காரணங்களோடு சேர்த்துத்தான் அடுக்குகிறார். அவற்றைச் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இடத்தை அடைக்காத மனம் கையை எப்படித் தூக்கும்?

இந்தக் கேள்வியை முதலில் கூர்மையாகக் கேட்டவர்களில் ஒருவர் பொகீமியாவின் இளவரசி எலிசபெத். தந்தை அரியணை இழந்ததால் குடும்பம் நெதர்லாந்தின் ஹேக் நகரில் அடைக்கலம் புகுந்திருந்தது. 1643 மே மாதம் அவர் டேக்கார்ட்டுக்கு எழுதியபோது வயது 24.

அவருடைய வாதத்தைக் கவனமாகப் பாருங்கள். ஒரு பொருள் அசைய வேண்டுமானால், அது தள்ளப்பட வேண்டும், அல்லது தள்ளும் பொருள் எப்படித் தள்ளுகிறது என்பதைப் பொறுத்திருக்க வேண்டும், அல்லது அதன் மேற்பரப்பின் தன்மையையும் வடிவத்தையும் பொறுத்திருக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் தொடுகை தேவை. மூன்றாவதற்கு இடத்தை அடைத்தல் தேவை. நீங்களோ ஆன்மாவுக்கு இடத்தை அடைத்தலை மறுத்துவிட்டீர்கள். பருப்பொருள் அல்லாதது தொடவும் முடியாது. பிறகு எப்படி? எல்லா வழியையும் அடைத்துவிட்டுக் கேட்ட கேள்வி.

டேக்கார்ட் மே 21-ல் பதில் எழுதினார். கல்லின் கனம் கல்லைக் கீழே இழுக்கிறது என்று நினைக்கிறோம். ஆனால் கனம் கல்லைத் தொட்டுத் தள்ளுவதாக நினைப்பதில்லை. ஆன்மா உடலை அசைப்பதையும் அப்படி நினைக்கலாம் என்றார். இது மோசமான உவமை. கனம் பற்றிய அந்தப் பழைய எண்ணமே தவறு என்பது டேக்கார்ட்டின் சொந்த இயற்பியல். தவறென்று தானே தள்ளியதை விளக்கமாக நீட்டுகிறார்.

எலிசபெத் ஜூனில் விடாமல் திருப்பினார். பொருளல்லாத ஒன்றுக்கு உடலை அசைக்கும் ஆற்றலைக் கொடுப்பதைவிட, ஆன்மாவுக்கே பருமையும் இடமும் உண்டென்று ஒப்புக்கொள்வது தமக்கு எளிது என்றார். நன்றாகச் சிந்திக்கப் பழகியவர்கூட உடம்பில் எழும் ஆவிக்கோளாறால் அந்தத் திறனை இழப்பது ஏன் என்றும் கேட்டார். ஜூன் 28 கடிதத்தில் டேக்கார்ட் மூன்று அடிப்படை எண்ணங்களைப் பிரித்தார்: ஆன்மா, உடல், இரண்டின் கூட்டு. முதலாவது தூய அறிவுக்கும், இரண்டாவது கற்பனையோடு கூடிய அறிவுக்கும், மூன்றாவது புலன்களுக்கும் தெளிவாகும். கூட்டை ஆராய்ந்து அறிய முடியாது, வாழ்ந்துதான் அறிய முடியும் என்பது அதன் சாரம்.

பாடநூல்களில் எலிசபெத்துக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். இந்தச் சிக்கலின் மிகத் தெளிவான வடிவம் அவர் எழுதியதுதான் என்பது எங்கள் கருத்து.

பீனியல் சுரப்பி அதற்கு விடை இல்லையா?

மூளையின் நடுவிலுள்ள இந்தச் சிறு சுரப்பியில்தான் ஆன்மா உடலை அசைக்கிறது என்றார் டேக்கார்ட். அது 'எங்கே' என்பதற்கு விடை. 'எப்படி' என்பதற்கு அல்ல.

1649-ல் வந்த 'ஆன்மாவின் உணர்ச்சிகள்' நூலில் டேக்கார்ட் தரும் காரணம் இது: கண் இரண்டு, காது இரண்டு, கை இரண்டு, மூளையின் மற்றப் பகுதிகளும் இரட்டை. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பொருளைப் பற்றி ஓர் எண்ணமே எழுகிறது. அப்படியானால் இரு கண்ணின் பிம்பங்களும் ஒன்றுசேரும் இடம் ஒன்று வேண்டும். மூளையின் நடுவில் இரட்டை இல்லாத உறுப்பு இந்தச் சுரப்பி. அது சற்றே சாய்ந்தால், நரம்புகளுக்குள் ஓடும், நுண்ணிய காற்றுப் போன்ற ஆவியின் போக்கு மாறும், தசை அசையும்.

உடற்கூறு இதற்கு இடம் தரவில்லை. டேனிஷ் உடற்கூறியலாளர் ஸ்டெனோ 1665-ல் பாரிஸில் ஆற்றிய உரையில், அந்தச் சுரப்பி அப்படிச் சாய்ந்து ஆட வழியே இல்லை என்று காட்டினார். உண்மையில் அது அரை சென்டிமீட்டர் முதல் முக்கால் சென்டிமீட்டர் வரை நீளமுள்ள சிறு சுரப்பி. உறக்கத்தோடு தொடர்புள்ள மெலடோனின் என்ற சுரப்புநீரை இரவில் சுரப்பது அதன் வேலை. இடம் தவறென்பதால் இருமைவாதம் விழுந்துவிடாது. சரியான இடமே கிடைத்திருந்தாலும் எலிசபெத்தின் கேள்வி அப்படியே நின்றிருக்கும்.

டேக்கார்ட்டுக்குப் பின் வந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

மாலப்ராஞ்ச்: மனமும் உடலும் ஒன்றையொன்று பாதிப்பதே இல்லை, நான் விரும்பும் தருணத்தில் கடவுள் கையை அசைக்கிறார். லைப்னிட்ஸ்: ஒன்றையொன்று தொடாமலே ஒரே நேரம் காட்டும் இரண்டு கடிகாரங்கள்போல இரண்டும் தொடக்கத்திலேயே ஒத்திசைக்கப்பட்டவை. ஸ்பினோசா: இரண்டு பொருளே கிடையாது, ஒரே பொருளின் இரண்டு பண்புகள். மூவரும் எலிசபெத்தின் கேள்விக்கு அஞ்சி வழிமாறியவர்கள் என்று படித்தால் மூவரும் எளிதில் புரிவார்கள்.

ஆற்றல் அழியா விதி இருமைவாதத்தைப் பொய்யாக்கிவிட்டதா?

மனம் உடலை அசைத்தால் புது ஆற்றல் உள்ளே நுழைய வேண்டும், அது அந்த விதிக்கு முரண் என்பது வாதம். நேரடியாக அது பொய்யாக்கவில்லை. மூடிய அமைப்பில்தான் மொத்த ஆற்றல் மாறாது. உடல் அப்படி மூடிய அமைப்பா, வெளியிலிருந்து எதுவும் நுழைவதில்லையா என்பதே சர்ச்சைப் பொருள். அதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு வாதிட்டால் வட்டத்தில் சுற்றுவதாகும். வலுவான வாதம் எளிமையானது: தசையிலிருந்து நரம்பு வழியே மூளைவரை பின்னோக்கிப் போனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் மின், வேதிக் காரணம் கிடைக்கிறது. பொருளல்லாத ஒன்று வந்து நிரப்ப வேண்டிய இடைவெளி எங்கும் அகப்படவில்லை.

வெட்டிய கையில் வலிப்பது ஆன்மாவின் கை அங்கே இருப்பதாலா?

இல்லை, இதை டேக்கார்ட்டே மறுத்திருப்பார். காலிலிருந்து மூளைவரை ஒரு கயிறு ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் ஆறாம் தியானத்தில். கயிற்றின் நுனியை இழுத்தாலும், நடுவில் எங்கே இழுத்தாலும், மூளை முனையில் ஒரே அசைவுதான். எனவே முழங்காலில் நரம்பைச் சீண்டினாலும் பாதத்தில் வலிப்பதாகத் தோன்றும். முழங்கைவரை கை நீக்கப்பட்ட ஒரு பெண் இல்லாத விரல்களில் வலி சொன்னதையும் வேறொரு நூலில் இதே விளக்கத்தோடு குறிப்பிடுகிறார்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இந்த ஆய்வை வெகுதூரம் கொண்டுபோனார். மூளைப் புறணியில் உடலின் வரைபடம் இருக்கிறது. அதில் கைக்குரிய பகுதியும் முகத்துக்குரிய பகுதியும் பக்கத்துப் பக்கத்தில். கை போன பிறகு முகத்தின் உள்ளீடு பக்கத்துப் பகுதிக்குள் பரவுகிறது. அதனால் சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரல் தொடப்பட்டதாக உணர்வு வருகிறது. நடுவே கண்ணாடி நிறுத்திய பெட்டிக்குள் நல்ல கையை வைத்து அசைத்தால், கண்ணாடிப் பிம்பம், இழந்த கையே அசைவதுபோலக் காட்டும். சிலருக்கு இறுகிய வலி அப்போது தளர்ந்தது.

மூளை பாதித்தால் குணமே மாறுகிறதே. கருவி உவமை அதற்குப் போதுமா?

'யாழ் உடைந்தால் இசை நிற்கும். வாசிப்பவர் இறந்ததாகாது' என்பது வழக்கமான பதில். தர்க்கப்படி சரியே. ஆனால் அதே யாழை வைத்து எதிர்வாதமும் பழங்காலத்திலேயே இருக்கிறது. பிளேட்டோவின் 'பைடோ' உரையாடலில் சிம்மியாஸ், ஆன்மா யாழின் சுருதியைப் போன்றது என்கிறார். நரம்பு அறுந்தால் சுருதியும் போய்விடும். வாசிப்பவரா, சுருதியா என்பதை உவமை தானாக முடிவு செய்யாது.

முடிவுசெய்ய உதவும் சோதனை ஒன்று: பாதிப்பு வெளிப்பாட்டில் மட்டுமா, விருப்பத்திலுமா? பேச்சு குழறினால் கருவிப் பழுது என்று நம்பலாம். பொறுமையானவர் மூளைக் காயத்துக்குப் பின் முன்கோபியாகி, அந்தக் கோபமே நியாயம் என்று கருதினால், பழுதானது யாழ் மட்டும் என்று சொல்வது கடினம். வாசிப்பவர் வேறு பாட்டையே விரும்புகிறார். டேக்கார்ட்டை இது கடுமையாகத் தாக்கும். விருப்பத்தையும் அகங்காரத்தையும் கருவிப் பக்கம் வைத்த மரபுகளை அவ்வளவு தாக்காது.

பொருள்முதல்வாதம் மேலைநாட்டிலிருந்து வந்ததுதானே?

இல்லை. எல்லாம் சடப்பொருளே, உணர்வும் அதன் விளைவே என்ற இந்தக் கொள்கை நம் நூல்களிலும் இருக்கிறது. மணிமேகலையின் 27-ஆம் காதையில் வஞ்சியில் சமயவாதிகள் வரிசையாகப் பேசுகிறார்கள். நிலம், நீர் முதலிய பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி சொல்வது: தாதகிப்பூவும் வெல்லக்கட்டியும் மற்றவையும் கூட்டினால் மதுவின் களிப்பு பிறப்பதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், அவை பிரிந்தால் உணர்வும் போகும். பூவில் மயக்கம் இல்லை, வெல்லத்தில் இல்லை, கூட்டில் இருக்கிறது. இவ்வளவு துல்லியமான உவமை அரிது. இன்னொன்றும் கவனியுங்கள்: உணர்வுடைய பூதம், உணர்வில்லாத பூதம் என்று அவர் இரண்டு வகை சொல்கிறார். வெறும் சடத்திலிருந்து உணர்வு எப்படி வரும் என்ற இடறல் அவருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது.

லிபெட் சோதனை, முடிவை மூளையே எடுக்கிறது என்று நிரூபித்துவிட்டதா?

நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட் 1983-ல் வெளியிட்ட சோதனையில், விரும்பும் நேரத்தில் கையை அசைக்கச் சொன்னபோது, கை அசைவதற்குச் சுமார் 550 மில்லிவினாடிக்கு முன் மூளையில் ஆயத்த மின் அலை தொடங்கியது. 'அசைக்கலாம்' என்ற உணர்வு சுமார் 200 மில்லிவினாடிக்கு முன்தான் எழுந்தது. அந்த அலையே முடிவு என்று எடுத்துக்கொண்டால்தான் பெரிய முடிவுக்கு வரலாம். நரம்பியல் ஆய்வாளர் ஷூர்கரும் சகாக்களும் 2012-ல் மாற்று விளக்கம் தந்தார்கள்: மூளையில் எப்போதும் இருக்கும் ஏற்ற இறக்கங்கள் ஒரு வரம்பைத் தாண்டும்போது அசைவு நிகழ்கிறது, பின்னோக்கிச் சராசரி எடுத்தால் அலை முன்பே தொடங்கியதுபோலத் தெரியும். தவிர, இச்சோதனை விருப்பச் சுதந்திரம் பற்றியது. மனம் தனிப்பொருளா என்பதை இது தொடவில்லை.

இன்று இருமைவாதிகள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள்; பெரும்பாலும் பண்பிருமைவாதிகள். பொருள் ஒன்றே, ஆனால் அனுபவத்தின் தன்மையை இயற்பியல் பண்புகளாகச் சுருக்க முடியாது என்பவர்கள். மெய்யியலாளர் ஃபிராங்க் ஜாக்சன் 1982-ல் அமைத்த சிந்தனைச் சோதனை பேர்போனது: கறுப்பு வெள்ளை அறையிலேயே வளர்ந்த மேரி, நிறம் பற்றிய அறிவியல் முழுவதையும் கற்றவர். முதன்முறை சிவப்பைப் பார்க்கும்போது புதிதாக ஏதாவது அறிகிறாரா? அறிகிறார் என்றால் அறிவியல் முழுமையல்ல. ஜாக்சனே பின்னாளில் இந்த வாதத்தைக் கைவிட்டார். அதைத் தாங்கிப்பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மூளையின் இயக்கத்தோடு அனுபவம் ஏன் சேர்ந்து வருகிறது என்ற கேள்விக்கு மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் 1995-ல் 'கடினச் சிக்கல்' என்று பெயரிட்டார். நரம்பணுவியலாளர் கிறிஸ்டோஃப் காக் 1998-ல் அவரோடு பந்தயம் கட்டினார்: 25 ஆண்டுக்குள் நனவின் நரம்பு அடையாளம், அதாவது நனவோடு சேர்ந்து மூளையில் நிகழ்வது எது என்பது, தெளிவாகிவிடும் என்று. 2023-ல் நியூயார்க்கில் தோல்வியை ஒப்புக்கொண்டு பந்தயப் பொருளான ஒயின் பெட்டியைக் கொடுத்தார். இதை இருமைவாதத்தின் வெற்றி என்று எழுதுவது பிழை. பந்தயம் மூளையில் உள்ள அடையாளத்தைப் பற்றியது.

எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?

'தியானங்கள்' சிறிய நூல், ஆறு தியானங்கள்தான். முதல் இரண்டையும் ஒரே அமர்வில் படியுங்கள். இரண்டாம் தியானத்தில் டேக்கார்ட் ஒரு மெழுகுத்துண்டை ஆராயும் பகுதியில் நிறுத்தி, மெழுகு உருகும்போது மாறும் பண்புகளையும் மாறாததையும் இரண்டு நிரலாக எழுதிப் பாருங்கள். பிறகு ஆறாம் தியானம், அதை இருமுறை. அடுத்து அர்னோவின் மறுப்புரை. அதன்பின் 1643 மே, ஜூன் மாதங்களின் நான்கு கடிதங்கள். 'ஆன்மாவின் உணர்ச்சிகள்' நூலில் 30 முதல் 36 வரையான பிரிவுகள் இப்போதைக்குப் போதும்.

குடிமைப்பணித் தேர்வின் மெய்யியல் விருப்பப்பாடத்தில் இது இடம்பெறுகிறது. விடை எழுதுபவர்கள் ஐய வாதத்தையும் ஆறாம் தியானத்து வாதத்தையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். பீனியல் சுரப்பிக்கு இரண்டு வரிக்குமேல் இடம் தராதீர்கள். மிச்ச இடத்தை எலிசபெத்துக்குக் கொடுங்கள்: தள்ளுதல், தொடுகை, மேற்பரப்பு என்ற அவருடைய மூன்று கூறுகளையும் பெயர்சொல்லி எழுதுங்கள்.